வக்காலத்துக் கெசட்

ஒரு ரேப் ரெக்கோடரின் பின்மூடியைக் கழற்றினால் வழக்கமாக ஆறு ஸ்குரூ வரும். ஐந்து வந்தால் எனக்கு முன்னால் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நான்கு வந்தால், கை வைத்தவர் கோபத்தோடு மூடியிருக்கிறார் என்று அர்த்தம். மருதமுனையிலிருந்து அந்தப் புதன்கிழமை வந்த செட்டில் ஆறும் இருந்தன. யாரும் திறந்து குழப்பவில்லை, பழுது சுலபமாகப் பிடிபடும் என்று நினைத்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. காலையில் நான் பள்ளிக்கூடத்தில் கணிதமும் விஞ்ஞானமும் படிப்பித்தேன். பின்னேரத்தில் வீட்டு முன்னறையில் ரேடியோவும் ரேப்பும் திருத்தினேன். கடலுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் மூன்று வளவுகள்தான். அந்தக் காற்றில் எந்த இரும்பும் ஒழுங்காக இருக்காது. புதுச் செட்டின் பெற்றரி ஸ்பிரிங்கூட ஒரு மாரிக்குள் பச்சை பிடித்துவிடும். எனக்கு எப்போதும் கவலைதான். கழற்றியதை ஒரு தட்டில் வைத்து எண்ணுவேன், பூட்டும்போது மீண்டும் எண்ணுவேன், பூட்டிய பிறகும் தட்டைத் தட்டிப் பார்ப்பேன்.

அந்த நாட்களில் வீட்டுக்கு ஒருவர் என்று சவூதிக்கும் குவைத்துக்கும் போய்க்கொண்டிருந்தார்கள். எழுதத் தெரியாதவர்கள் கெசட் ஒலிநாடாவில் கதைத்துப் பதிந்து, லீவில் வருகிறவரின் கையில் கொடுத்துவிடுவார்கள். வீட்டார் அதைச் சுற்றியிருந்து கேட்பார்கள். ஒருவருக்காக இன்னொருவர் எழுதும் கடிதத்தைவிட அவருடைய சொந்தக் குரல் நம்பத்தக்கது என்று எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வந்தவர்கள் இருவர். ஒருவர் அறுபதை நெருங்கியவர், சவளக்கடைப் பக்கம் வயல் செய்கிறவர். மற்றவர் அவருடைய தம்பியின் மனைவி. செட்டைக் கைத்தறிச் சாரமொன்றில் சுற்றி, குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி வந்திருந்தார்.

"சேர், இந்தச் செட் பழுதாப் போச்சு. என்ட மனிசன் பொம்பிளைட குரல்ல கதைக்கார்" என்றார் அவர்.

"பொம்பிளைட குரல் இல்ல. கிளி கத்துற மாதிரி" என்றார் மைத்துனர்.

"மச்சான், நீங்க சும்மா இரிங்க. சேருக்கு நான் சொல்றன்."

அவர் சொன்னது இதுதான். மகளுக்கு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு காவின் எழுதிக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு விசா வந்துவிட்டது, திங்கட்கிழமை விமானம். பெண்ணின் வாப்பா நான்கு வருடமாகச் சவூதியில். எங்கள் முஸ்லிம் வழக்கத்தில் மகளை ஒப்புக்கொடுப்பவர் வாப்பா, தகப்பன். அவர் வர முடியாவிட்டால், தன் இடத்தில் நின்று ஒப்புக்கொடுக்க ஒருவருக்கு வக்காலத்துக் கொடுக்க வேண்டும். இந்த மனிதர் தன் காக்காவுக்கு, அதாவது என் முன்னால் நின்ற வயல்கார அண்ணனுக்கு, கெசட்டில் வக்காலத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அந்தக் குரலைத்தான் ஒருவராலும் அடையாளம் காண முடியவில்லை. இன்னொரு கெசட் கேட்டு அனுப்பி அது வந்து சேர இரண்டு கிழமைக்கு மேல் ஆகும். அவர் வேலை செய்யும் பாலைவனத்துக் காம்பில் தொலைபேசி இல்லை.

"கேட்டதும் மகள் அழுதிட்டாள் சேர்" என்றார் அவர். "வாப்பாவ ஆரோ பகிடி பண்ணுற மாதிரி இரிக்காம்."

முதலில் என்னுடைய பாட்டுக் கெசட் ஒன்றை அவர்களுடைய செட்டில் போட்டேன். பாட்டு ஒழுங்காகப் போனது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பெல்ட் இறுக்கமாக இருந்தது, ரப்பர் உருளை சுத்தம், மோட்டர் தடையில்லாமல் சுற்றியது. பிறகு அவர்களுடைய கெசட்டை எடுத்து என்னுடைய செட்டில் போட்டேன். அதே கீச்சுக் குரல். இரண்டு செட்டிலும் ஒரே குரல் என்றால் பழுது செட்டில் இல்லை.

"அப்ப எதுல பழுது?" என்றார் வயல்காரர்.

"அங்க பதிஞ்ச செட்ல. பெற்றரி செத்திரிக்கும். மோட்டர் மெதுவாச் சுத்தியிரிக்கும். பத்து அங்குல ரேப்பில வர வேண்டிய கதை எட்டு அங்குலத்துக்குள்ள நெருங்கிட்டுது. இஞ்ச ஒழுங்கான வேகத்துல போட்டா அது ஓடுது."

"ரேப்ப இழுத்து நீட்டுங்களன்."

"ரேப்ப இழுக்க ஏலா. மோட்டர மெதுவாக்கலாம்."

மோட்டரின் முதுகில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதற்குள் ஒரு சின்னத் திருகு. அதை ஒரு பக்கம் திருப்பினால் மோட்டரின் வேகம் குறையும். கெசட்டை ஓடவிட்டு, மெல்லிய ஸ்குரூ டிரைவரை உள்ளே விட்டுத் திருப்பினேன். அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் சேர். இன்னும். ஆ... நில்லுங்க, நில்லுங்க! இதான். இதான் இவர்."

கையை எடுத்தேன். ஒரு ஆண் குரல் தெளிவாகச் சொன்னது: தன் மகளின் காவினுக்குத் தன் காக்காவைத் தன் இடத்தில் நிற்கும் வக்கீலாக வைப்பதாகவும், அறையில் இருக்கும் இரண்டு பேர் அதற்குச் சாட்சி என்றும். அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "எனக்கெண்டாத் தெரியா" என்றார் வயல்காரர். ஆறு ஸ்குரூவையும் பூட்டினேன்.

அடுத்த நாள் வியாழக்கிழமை. நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து சோறு தின்று கை கழுவும்போது வயல்காரர் திரும்பி வந்தார். கையில் செட். கூடவே அவர்கள் பள்ளிவாசலின் லெவ்வை, காவின் நடத்திவைக்கப் போகிறவர். என்னைவிட வயது குறைந்தவர், ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கதைப்பவர்.

"சேர் குறை நினைக்கப்படா" என்று தொடங்கினார் வயல்காரர். "நான் ராவைக்குக் கண் மூடல்ல. நீங்க திருகத் திருக ஆள் மாறுது. ஒரு திருகுல கிளி. ஒரு திருகுல பொம்பிள. இன்னொரு திருகுல என்ட தம்பி. அங்கால இன்னும் திருகினா ஆரு வருவானெண்டு ஆருக்குத் தெரியும்?"

"உங்கட தம்பிட மனிசிக்குத் தெரிஞ்சிதே" என்றேன்.

"அவ நாலு வருசமா அந்தக் குரலுக்குக் காத்திரிக்கா. காத்திரிக்கிற ஆளுக்கு எந்தக் குரலும் அந்தக் குரல்தான். நான்தான் நாளைக்கு மாப்பிள்ளைட கையப் புடிச்சு ஒப்புக் குடுக்கணும். எனக்கு அந்த உரிமை இல்லாம குடுத்தா, அந்தப் புள்ளைட சீவியம் முழுக்கப் பிழையாப் போகும். அல்லாட்ட நான் என்ன சொல்ற?"

லெவ்வை என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார். "நேத்து நீங்க திருகிறத நிப்பாட்டினது, அவ தலையாட்டினதாலயா, திருகு சரியான இடத்துக்கு வந்ததாலயா?"

செட்டில் பழுதில்லை, ரேப்பில் பழுதில்லை. சரியான வேகம் எதுவென்று சொல்ல என்னிடம் ஒரு அளவுகோலும் இருக்கவில்லை, அந்தப் பெண்ணின் தலையசைப்பைத் தவிர. பள்ளிக்கூடத்தில் ஒரு மாணவன் விடையைப் பார்த்துவிட்டுக் கணக்கைச் செய்திருந்தால் நான் அதற்குப் புள்ளி போடுவதில்லை.

"குரலால குரல அளக்க ஏலா" என்றேன். "அந்த ரேப்பில வேற ஏதாவது கேக்கணும். வேகம் தெரிஞ்ச ஒண்டு."

கெசட்டை ஆரம்பத்திலிருந்து போட்டேன். அவர் சலாம் சொல்வதற்கு முன்னால் அந்த அறையில் ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அரபியில் ஒருவர் ஏதோ சொன்னார். பிறகு கூக், கூக் என்று மணி நேரத்தை அறிவிக்கும் ஒலிகள். பிறகு யாரோ ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்கள். உடனே நிறுத்தி, ரேப்பைப் பின்னுக்குச் சுற்றி, மறுபடியும் போட்டு எண்ணினேன். ஆறு ஒலிகள். ஐந்து குட்டை, கடைசி நீளம். எங்கள் ரேடியோவிலும் செய்திக்கு முன்னால் அதுதான் வரும். ஒரு ஒலிக்கும் அடுத்த ஒலிக்கும் இடையில் ஒரு செக்கன். எந்த நாடானாலும் செக்கன் ஒன்றுதான்.

முதல் ஒலியிலிருந்து ஆறாவது ஒலிவரை ஐந்து செக்கன் இருக்க வேண்டும். மணிக்கூட்டை வைத்துப் பார்த்தேன். முதல்நாள் நான் திருகி நிறுத்திய இடத்தில் நான்கரைதான் வந்தது.

"அப்ப நேத்து வந்தவன் என்ட தம்பி இல்லையா?" என்றார் வயல்காரர்.

"ஆரெண்டு எனக்குத் தெரியா. ஆரானாலும், வேகமாக் கதைச்சிரிக்கார்."

பிறகு லெவ்வை வைத்த ஒழுங்கு இது. அந்த மனிதரின் குரலை அறிந்த ஒருவரும் அறைக்குள் இருக்கக் கூடாது. ஆறு ஒலிகளை மட்டும் கேட்டு வேகத்தை வைக்க வேண்டும், சலாம் வருவதற்கு முன்னால் ரேப்பை நிறுத்திவிட வேண்டும். திருகு நின்ற இடத்துக்கு இரண்டு ஆண்கள் சாட்சி. காவினுக்கு இரண்டு சாட்சி என்றால் அதற்கு ஆதாரமான திருகுக்கும் இரண்டு சாட்சி என்பது அவருடைய நியாயம். வயல்காரர் எழுந்து வளவுக்குள் போய்த் தென்னையடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அஸர் தொழுதுவிட்டு வரும்போது லெவ்வை இரண்டு பேரைக் கூட்டி வந்தார். சம்மாந்துறையிலிருந்து உழவு இயந்திரத்தில் அரிசி கொண்டுவந்தவர்கள், தொழுவதற்காக நின்றவர்கள். கையில் மணிக்கூடு இருந்தது என்பதுதான் அவர்களைத் தேர்ந்த காரணம். விஷயத்தைச் சொன்னதும் ஒருவர் சிரித்துவிட்டார்.

"என்ன லெவ்வை, மோட்டருக்கா காவின் எழுதுறீங்க?"

"மஹர் எவ்வளவாம்?" என்றார் மற்றவர்.

லெவ்வை சிரிக்கவில்லை. "ஒரு குமருட காரியம்" என்றார். அதற்குப் பிறகு அவர்களும் சிரிக்கவில்லை.

நான் ரேப்பை ஓடவிட்டேன். அவர்கள் மணிக்கூட்டைப் பார்த்தார்கள். நிறுத்தினேன், பின்னுக்குச் சுற்றினேன், திருகைத் தலைமயிரளவு திருப்பினேன், மறுபடியும் ஓடவிட்டேன். "குறைவு" என்றார்கள். மறுபடியும் "குறைவு." பிறகு ஒருவர் "சரி" என்றார், மற்றவர் "இல்ல, இன்னும் பத்தா" என்றார். திருகு அதன் எல்லையை நெருங்கிக்கொண்டிருந்தது. அங்கால திருப்ப இடமில்லாமல் போனால் செய்ய வேறு வழியில்லை. கடைசியில் இரண்டு பேரும் ஒரே மூச்சில் "சரி" என்றார்கள். மறுபடியும் போட்டுக் காட்டினேன். மீண்டும் சரி. மெழுகுதிரியைப் பற்றவைத்து அந்தத் துளையில் ஒரு சொட்டு விட்டேன், திருகு அசையாமல் இருப்பதற்கு.

நானும் லெவ்வையும் வயல்காரரும் பஸ்ஸில் மருதமுனைக்குப் போனோம். செட் என் மடியில். பஸ் ஒவ்வொரு குழியிலும் விழுந்தெழும்போது அந்த மெழுகைப் பற்றியே நினைத்தேன்.

வீட்டில் நெய்துகொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டு அயலவர்களை வெளியே அனுப்பினார்கள். மணப்பெண் உள்ளறைத் திரைக்குப் பின்னால் இருந்தாள். கைவிரல்களின் மருதாணி மட்டும் திரையின் ஓரத்தில் தெரிந்தது. நான் முதலில் அந்த ஆறு ஒலிகளையும் மறுபடி அளந்தேன், மின்சாரம் அங்கே வேறு மாதிரி இருக்குமோ என்ற பயத்தில். ஐந்து செக்கன். ஓடவிட்டேன்.

அந்தக் குரலை நானும் அப்போதுதான் முதன்முதலில் சரியான வேகத்தில் கேட்டேன். முதல்நாள் கேட்டதைவிடக் கனமாக இருந்தது. சலாம் சொல்லிவிட்டு அவர் நின்றார். பிறகு, "என்ட மகள்ட காவினுக்கு" என்றார், மூச்செடுத்தார். "என்ட காக்காவ" என்றார், மறுபடி மூச்செடுத்தார். "வக்கீலா வெக்கிறன்." ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் எதையோ தூக்கி வைக்கிறவர் போல.

ரேப்பை நிறுத்தினேன். மனைவிதான் முதலில் கதைத்தார்.

"இது இவரில்ல."

அவர் என் பக்கம் திரும்பினார்.

"இது ஆரோ ஒரு வயசாளி சேர். நேத்துக் கதைச்சாரே, அவர்தான் இவர். அந்த இடத்துக்குத் திருப்பி வைங்க."

வயல்காரர் தறிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். தலையில் இருந்த தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். "இல்ல புள்ள. இது அவன்தான்" என்றார்.

"நீங்கதானே மச்சான் நேத்து இல்லெண்டீங்க."

"நேத்து இல்லெண்டு நான் சொல்லல்ல. தெரியாண்டன். இப்ப தெரியும். எங்கட வாப்பா கடைசிக் காலத்துல இப்பிடித்தான் கதைச்சார். சொல்லுக்குச் சொல்லு மூச்செடுத்து. நான்தான் பக்கத்துல இருந்து பாத்தன். இந்தக் குரல் எங்கட குடும்பத்துக் குரல். இது என்ட தம்பி."

திரைக்குப் பின்னாலிருந்து அந்தப் பிள்ளை சொன்னாள்: "வாப்பாக்குச் சுகமில்ல உம்மா."

அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்ணுக்கு விளங்கியது. அவர் அழவில்லை. என்னிடம், "இன்னொருக்காப் போடுங்க" என்றார். போட்டேன். இந்த முறை அவர் வக்காலத்துச் சொற்களைக் கேட்கவில்லை, மூச்சுகளைத்தான் கேட்டார் என்று எனக்குத் தெரிந்தது. முடிந்ததும் லெவ்வையைப் பார்த்தார்.

"காவின் நடக்கட்டும்" என்றார். "மறுகா அவர வரச் சொல்லி ஆள் அனுப்புங்க. போற மாப்பிள்ளைட கையில என்ட கெசட்டும் போகட்டும்."

லெவ்வை வயல்காரரிடம் மூன்று தடவை கேட்டார், இது உங்கள் தம்பியின் குரல் என்று சாட்சி சொல்வீர்களா என்று. மூன்று தடவையும் அவர் "ஓம்" என்றார்.

வெள்ளிக்கிழமை நானும் போனேன். வயல்காரர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்புக்கொடுத்தபோது அவருடைய குரல் நடுங்கவில்லை. எனக்குத்தான் சந்தேகம். சோற்றுச் சகனைச் சுற்றி மற்றவர்களோடு உட்கார்ந்தபோதும் ஐந்து செக்கனா, நாலே முக்காலா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த யோசனை, தகப்பனிடமிருந்து பதில் வரும்வரைக்கும் என்னை விடவில்லை. பதில் வந்தது. வக்காலத்துத் தான் கொடுத்ததுதான், மகளுக்கு துஆ, தான் நோன்புப் பெருநாள் கழித்து வருவதாக.

வந்தார். வந்து இரண்டாம் கிழமை மனைவியோடு என் முன்னறைக்கு வந்தார். எங்கள் படலையிலிருந்து முன்னறைக்கு இருபது எட்டுத்தான். அதில் இரண்டு தடவை நின்றார். மெலிந்த, உயரமான மனிதர். கதிரையில் இருந்து மூச்சு அடங்கும்வரை ஒன்றும் சொல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"சேர், நீங்கதானாம்... என்ட வயசக் கூட்டினது."

"கூட்டல்ல. இருந்த இடத்துல வெச்சன்" என்றேன். அந்தக் குரல் கெசட்டில் கேட்டது போலவே இருந்தது. எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை.

"செட்ட பழையபடி வெச்சுத் தாங்க" என்றார். "மகள் பாட்டுப் போட்டா... எருமை கத்துது."

"அதுக்கு முதல்ல எனக்கொரு வேலை இரிக்கி" என்றார் மனைவி. சீலைப் பையிலிருந்து கெசட்டுகளை எடுத்து மேசையில் அடுக்கினார். வக்காலத்துக் கெசட்டுக்கு முன்னால் வந்தவை. ஒன்பது. வந்த ஒழுங்கில் அடுக்கினார்.

"எல்லாம் அந்த ஒரே செட்லதான் பதிஞ்சீங்களா?" என்று அவர் கணவரிடம் கேட்டேன்.

"ஓம் சேர். கடைக்கு லொறி போறது... வெள்ளிக்கிழமைலதான். அதுக்குள்ள பெற்றரி செத்திரும். வெயில்ல காயவெச்சு எடுத்தா... ஒரு பக்கம் கதைக்கலாம். நாங்க எல்லாரும் அப்பிடித்தான்."

"எப்பவும் காயவெச்ச பெற்றரியிலயா?"

"எப்பவும்."

அந்தப் பெண் அவரைப் பார்த்தார். "அப்ப நாலு வருசமா நான் கேட்டது ஆர?"

"என்னத்தான். கொஞ்சம் இளந்தாரியா" என்று சிரித்தார் அவர். சிரிப்பு இருமலாகி, மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் மனைவி சிரிக்கவில்லை, தண்ணீர் எடுத்துக் கொடுத்தார்.

"சேர், மெழுகு வெச்ச இடத்துலயே இரிக்கட்டும். ஒண்டொண்டாப் போடுங்க."

"எதுக்கு கா இப்ப பழசெல்லாம்?" என்றார் கணவர்.

"நீங்க சும்மா இரிங்க."

அந்தக் கெசட்டுகளில் ரேடியோ ஒலி எதுவும் இருக்கவில்லை. ஒவ்வொரு பதிவின்போதும் பெற்றரி எவ்வளவு செத்திருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, வேகம் சரியென்று நான் பொறுப்பு நிற்க முடியாது என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். வேகம் தனக்குத் தேவையில்லை என்றார்.

முதலாவதைப் போட்டேன். சலாம், மகள் எப்படி, தறி எப்படி, மழை பெய்ததா. ஒரே இழுப்பில் கதைத்தார். அந்தப் பெண் மேசையில் முழங்கையை ஊன்றி, செட்டுக்குக் கிட்டக் காதை வைத்திருந்தார். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதில், வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டதா என்று கேட்ட இடத்தில், அந்தப் பெண் கையை உயர்த்தினார். நிறுத்தினேன்.

"இஞ்சதான்" என்றார். "இஞ்சதான் மூச்செடுக்கார்."

அந்த மனிதர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அது... சீமெந்து அரைக்கிற இடத்துக்கு மாத்தின நேரம்" என்றார்.

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னா வரச் சொல்லுவாய். மகளுக்கு... வீடு முடியல்லயே."

எங்கள் பக்கம் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். அது என்னைவிட அந்தப் பெண்ணுக்கு நன்றாகத் தெரியும். அவர் ஐந்தாவது கெசட்டைக் கழற்றி, மற்ற நான்கின் மேலே வைத்தார். ஒரு கை அந்த அடுக்கின் மேலேயே இருந்தது.

"காணும் கா, இனி வேணாம்" என்றார் கணவர்.

"ஆறாவதப் போடுங்க சேர்" என்றார் அந்தப் பெண்.